பார்லர் வேலையா, பராமரிப்பு வேலையா? ஆரணியிலிருந்து கேட்ட ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூ காமர்ஸ் முடித்த மகள் ‘ஹேர் ஸ்டைலிஸ்ட் ஆகப் போகிறேன்’ என்று பிடிவாதமாக நிற்கிறாள், விடலாமா என்பது ஒன்று. அதைத் தடுக்க நீங்கள் கையில் வைத்திருக்கும் ‘ஆறே மாதத்தில் நர்சிங், நூறு சதவீதம் வேலை’ நோட்டீஸ், அதில் சேர்க்கலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடுகிறேன்: அந்த நோட்டீஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

‘முடி வெட்டவா இவ்வளவு படிக்க வைத்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்பார்கள்தான். இந்தத் தொழிலுக்கு நம் ஊரில் ஒரு சாதி முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். முடி திருத்திய அதே வீட்டு ஆண்கள்தான் காயத்துக்கு மருந்து போட்டார்கள், அதே வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். இன்றைக்கு நேச்சுரல்ஸ், கிரீன் ட்ரெண்ட்ஸ் என்று சென்னையில் தொடங்கிய கடைகள் சின்ன ஊர்கள் வரை வந்துவிட்டன. யார் வீட்டுப் பிள்ளை கத்தரி பிடிக்கிறது என்று உள்ளே வருகிறவர்கள் கேட்பதில்லை. சொந்தக்காரர்களுக்கு இதற்கு மேல் நேரம் ஒதுக்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது வாங்கப்போகும் சான்றிதழுக்கு மேலே இன்னொரு படி இருக்கிறதா, இல்லை அதோடு முடிந்துவிடுகிறதா?

முதலில் நர்சிங் நோட்டீஸ். நர்ஸ் என்று சட்டப்படி வேலை பார்க்க மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். பள்ளி முடித்தவர்களுக்கு அந்தப் பதிவைத் தரும் படிப்புகள் மூன்று: இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவ உதவிப் படிப்பு), மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ உதவி டிப்ளமோ), நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முடிகிற ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்’ எதற்கும் பதிவு கிடையாது. அதை முடித்துவிட்டுப் பத்து வருடம் ஆஸ்பத்திரியில் ஓடினாலும், அந்த அனுபவம் அவளை நர்ஸாக்காது. ஆக வேண்டுமென்றால் ஜி.என்.எம். முதலாம் ஆண்டில் போய்த்தான் உட்கார வேண்டும். வெள்ளைக் கோட்டும் பட்டமளிப்பு விழா போட்டோவும் போட்ட நோட்டீஸில் இந்த ஒரு விஷயம் மட்டும் இருக்காது.

அதற்காகப் பராமரிப்பு வேலையே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்த வேலைக்கு முறையான பயிற்சி உண்டு: ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், சுருக்கமாக ஜி.டி.ஏ. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு ஹோம் ஹெல்த் எய்ட். கிராமப்புற ஏழைக் குடும்பங்களின் இளைஞர்களுக்கு டி.டி.யு.-ஜி.கே.ஒய். என்ற மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டத்தில் இதைத் தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசமாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். அரசு இலவசமாகத் தரும் ஒன்றுக்கு அந்த சென்டர் எவ்வளவு கேட்கிறது என்று நோட்டீஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

வேலை எப்படி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ஆள் கட்டிலில் இருக்கும்போதே ஒரு பக்கமாக ஒருக்களித்து, பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டே புதியதை விரிக்கக் கை பழக வேண்டும். மூக்கு வழியாக டியூபில் சாப்பாடு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிட வேண்டும். மலம், மூத்திரம், வாந்தி எல்லாம் அன்றாடம். கூடவே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சில வீடுகளில் இருபத்துநான்கு மணி நேரமும் தங்கல். ஏஜென்சி மூலம் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். ‘ஒரு ஊசி போட்டுவிடும்மா’ என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அது ஜி.டி.ஏ.வின் வேலை கிடையாது, ஏதாவது ஆகிவிட்டால் பழி இவள் தலையில்தான் விழும். மறுக்கத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும்.

மகளுக்கு நிஜமாகவே நர்சிங் ஆசை இருந்தால் வழி இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும் என்பதால் காமர்ஸ் பிள்ளைக்கு அது மூடிய கதவு. ஆனால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அறிவியல் குரூப் கட்டாயமில்லை. ஜி.என்.எம்.முக்கு 40 சதவீத மதிப்பெண் வேண்டும், ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். சேரப்போகும் கல்லூரி கூடுதலாக என்ன கேட்கிறது என்பதை அதன் விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவும் ஆகிவிட்டால் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி நர்ஸாகிவிடலாம். ஆக மூன்று வருடம் செலவழிக்கத் தயாரென்றால் நர்சிங். ஆறு மாதம்தான் என்றால் அது ஜி.டி.ஏ. என்று தெரிந்தே சேருங்கள்.

சரி, இப்போது மகள் கேட்டதற்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலை, என்று ஒரு டிரேடு உண்டு. ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, நாடு முழுக்கச் செல்லும் தேசியச் சான்றிதழ் வாங்கலாம். அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்த டிரேடு இருக்காது. பக்கத்தில் எங்கே இருக்கிறது, விடுதி உண்டா என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒன்றை அவளிடமும் சொல்லுங்கள். அந்த ஒரு வருடத்தில் த்ரெடிங், வேக்சிங், பேஷியல், மெனிக்யூர், மேக்கப், புடவை கட்டிவிடுவது வரை எல்லாம் வரும். முடி அதில் ஒரு பகுதிதான். ஐ.டி.ஐ. முடித்த அன்றே யாரும் ஸ்டைலிஸ்ட் ஆகிவிடுவதில்லை. சலூனில் சேர்ந்தால் முதலில் கீழே விழுந்த முடியைக் கூட்ட வேண்டும், டவல் மடிக்க வேண்டும், நாள் முழுக்க ஹேர் வாஷ். அப்புறம் ப்ளோ டிரை. அப்புறம்தான் கத்தரி. மோதிர விரலையும் கட்டை விரலையும் வளையங்களில் விட்டு, கட்டை விரல் மட்டும் அசைய, மற்ற பிளேடு அசையாமல் நிற்கப் பழகவே நாளாகும். பொம்மைத் தலையில் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து க்ளிப் போட்டு, ஒவ்வொரு பகுதியையும் எந்தக் கோணத்தில் தூக்கி வெட்டினால் எப்படி விழும் என்று பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். இந்தக் காலத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். நிறையப் பிள்ளைகள் இங்கேதான் விட்டுவிட்டு ஜவுளிக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

தாண்டியவர்களைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் கலரிங்தான். கட் எல்லோருக்கும் ஓரளவு வந்துவிடும், கலருக்குக் கணக்குப் புரிய வேண்டும். கலரோடு கலக்கும் டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். எந்த முடிக்கு எது, எவ்வளவு விகிதத்தில் கலப்பது, எத்தனை நிமிடம் வைப்பது என்பதெல்லாம் உண்டு. கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி அலர்ஜி பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இதைச் செய்வதில்லை. செய்கிற பெண்ணிடம் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். கணக்குப்பதிவியலில் நல்ல மார்க் வாங்கியவள் என்கிறீர்களே, விகிதக் கணக்கு அவளுக்குச் சுலபமாக வரும்.

அங்கிருந்து பாதை பிரிகிறது. ஜூனியர், சீனியர் ஸ்டைலிஸ்ட், கடை மேனேஜர் என்று போகலாம். லோரியால், வெல்லா போன்ற கம்பெனிகளில் பார்லர்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டெக்னிக்கல் டிரெய்னர் ஆகலாம். சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டுப் பயிற்சி முடித்து ஐ.டி.ஐ.யிலேயே பயிற்றுநராகலாம். டீச்சர் வேலை பார்க்கும் மகள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், இதுவும் டீச்சர் வேலைதான் அம்மா. சொந்தக் கடை என்றால் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் கடைக்கு அவசரப்படாதீர்கள். வாடகைக்கு இடம் பிடித்து, கண்ணாடியும் ஏசியும் போட்டுவிட்டு ஆள் வராமல் மூடிய பார்லர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவளுக்கென்று வாடிக்கையாளர்கள் சேரும் வரை இன்னொருவர் கடைதான் நல்லது.

தனியார் அகாடமிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். சில இடங்களில் சொல்லித்தருவது உண்மையிலேயே நன்றாக இருக்கும், சில இடங்களில் சர்டிபிகேட்தான் அழகாக இருக்கும். சிடெஸ்கோ மாதிரி வெளிநாட்டில் மதிக்கப்படும் டிப்ளமோக்கள் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்குப் பயன்படும். பதினெட்டு வயதில் கடன் வாங்கி அதில் சேர்ப்பது என் கணக்கில் தப்பு. ஐ.டி.ஐ. கிடைக்கவில்லை என்றால், மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் ஒரு மாத அளவிலான இலவச பியூட்டி பார்லர் பயிற்சி உண்டு. ஒரு மாதத்தில் தொழில் வந்துவிடாது. ஆனால் இவளுக்கு இது பிடிக்கிறதா, நாள் முழுக்க நிற்க முடிகிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

நிற்பது என்றேன், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கால் நரம்பு சுருண்டுகொள்வது, கழுத்து வலி, ஷாம்பூ பட்டுப் பட்டு விரலிடுக்கில் தோல் வெடிப்பது எல்லாம் இந்தத் தொழிலோடு வருபவை. முடியை நேராக்க, கெரட்டின் என்ற பெயரில் செய்கிற சில ட்ரீட்மென்ட்களில் அயர்ன் சூடு பட்டதும் பார்மால்டிஹைடு வாயு கிளம்பும், கண் எரியும். ஜன்னல் இல்லாத ஏசி அறையில் தினம் அதைச் செய்யச் சொல்லும் கடை வேண்டாம். சேரும்போது கேட்க வேண்டியது: நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட் எட்டாவிட்டால் என்ன ஆகும், இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட் உண்டா, ஒரிஜினல் சான்றிதழைக் கேட்பார்களா. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடித்தே ஆக வேண்டும். பிற்காலத்தில் பிரசவ விடுப்புக்குக்கூட அதுதான் கைகொடுக்கும். சின்னக் கடையில் சேர்ந்தாலோ தனியாகச் செய்தாலோ தமிழ்நாடு முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிவு செய்ய முடியுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வெளிநாடு பற்றி. ஜப்பானில் முதியோர் பராமரிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், இது நிஜம். 2019-இல் அவர்கள் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசாவுக்கு 2021-இல் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டது. என்4 எனப்படும் அடிப்படை அளவு ஜப்பானிய மொழி, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு மூன்றும் தேற வேண்டும். ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அங்கே மூன்று வருடம் வேலை பார்த்து, உரிய பயிற்சியும் முடித்து, அந்நாட்டுப் பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேறினால் தொடர்ந்து தங்கும் விசா கிடைக்கும், குடும்பமும் வரலாம். பராமரிப்பு வேலையில் மேலே படி இருக்கிற அபூர்வமான இடம் இது. அடிப்படை மொழி படிக்கவே பல மாதம் உட்கார வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எந்த நாடானாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட்தானா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். ‘பார்லர் வேலை’ என்று விசிட் விசாவில் வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், யோசித்துத்தான் எழுதினீர்களோ என்னவோ, அது நல்ல யோசனை. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பாட்டிக்கு யார் முடி வெட்டிவிடுகிறார்கள்? சிக்குப் பிடித்து, கடைசியில் ஒட்ட மழித்துவிடுகிறார்கள். படுக்கையிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கழுத்தை நோகடிக்காமல் வெட்டிவிடத் தெரிந்த ஸ்டைலிஸ்டை முதியோர் இல்லங்களும் வீடுகளும் விடமாட்டார்கள். கத்தரி கைக்கு வந்த பிறகு ஜி.டி.ஏ. பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் இது தனிப்பிழைப்பாகவே ஆகும். முதலில் எது என்றால், அவள் ஆசைப்படும் முடி வேலையே முதலில்.

ஐ.டி.ஐ. விண்ணப்பம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி ஆன்லைனில் வரும், பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யிலேயே உதவி மையம் வைத்துப் பதிந்துகொடுப்பார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். அந்த நோட்டீஸ் சென்டர்காரர்கள் ‘சீட் பிடித்து வைக்க ஒரிஜினலைக் கொடுங்கள், பணம் அப்புறம் கட்டலாம்’ என்று போன் செய்வார்கள். கொடுக்காதீர்கள். திரும்ப வாங்கப் போகும்போது மொத்தக் கட்டணத்தையும் கேட்பார்கள்.