பெட்ரோலுக்கு ஏ.சி. போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார். கோடையில் டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றால் திணறி அணைந்துவிடுகிறது. இன்ஜின் ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஏ.சி.யின் குளிர்ந்த குழாயோடு பெட்ரோல் பைப்பைச் சேர்த்துக் கட்டினால் தீரும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: மெக்கானிக் சொல்வது கற்பனை அல்ல. போர்ஷே 928, மெர்சிடிஸ் 560 எஸ்.எல். கார்களில் கம்பெனியே இப்படிச் செய்தது. காரின் உள்ளே காற்றைக் குளிரவைக்கும் எவாப்ரேட்டரிலிருந்து, கேஸை அழுத்தும் கம்ப்ரெஸருக்குத் திரும்பும் தடித்த குழாயில் கேஸ் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதில் ஒரு சிறு கூலரை வைத்து, டேங்குக்குத் திரும்பும் பெட்ரோலைக் குளிர வைத்தார்கள். அவை இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோல் அழுத்தத்தில் பீய்ச்சப்படும். இன்ஜின் குடிப்பதைவிடப் பல மடங்கு பெட்ரோல் சுற்றிச் சுற்றிச் சூடாவதுதான் அங்கே பிரச்சினை.

உங்கள் வண்டியில் வந்திருப்பது வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது, போலத் தெரிகிறது. இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு. 35–40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும் திரவம் அங்கே குமிழாகிவிடும், பம்ப் வெறும் ஆவியைத் தள்ளும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப்பில் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். ஏ.சி. யோசனை இங்கேதான் இடிக்கிறது: இன்ஜின் அணைந்தால் கம்ப்ரெஸரும் நின்றுவிடும், பம்ப்பிலும் பைப்பிலும் சூடு இன்னும் ஏறுவதோ அப்போதுதான். தவிர, சிக்னலில் ஏ.சி. ஓடினால் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரின் வெப்பம் ரேடியேட்டர் வழியாக பானெட்டுக்குள்தான் வரும்.

முதலில் பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் உறை மாட்டுங்கள். கார்புரேட்டருக்கு அடியில், இன்ஜின் சூடு ஏறாமல் தடுக்கும் பேக்கலைட் ஸ்பேசரையும் ரேடியேட்டர் ஃபேனையும் பாருங்கள். பிறகும் தொல்லை என்றால், டேங்க் அருகே குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப், கூடவே மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன். கார்புரேட்டருக்கு 0.2–0.3 பார் போதும். இன்ஜெக்‌ஷன் பம்ப் மாட்டினால், அதன் அதிக அழுத்தத்தை கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும்.

ஏ.சி. லைனில்தான் செய்வேன் என்றால், கேஸ் குழாயை வெட்டவே வேண்டாம். அதன் அலுமினியப் பகுதியில், ரப்பர் ஹோஸ் மேல் அல்ல, அலுமினிய பெட்ரோல் குழாயை ஒட்டிக் கிளாம்ப் செய்து மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். செம்பு வேண்டாம், குளிரில் வியர்க்கும் நீரால் அலுமினியம் அரித்துவிடும். கேஸும் பெட்ரோலும் ஒரே சுவரைப் பகிரும் கூலரை உள்ளூரில் வெல்டு செய்வது ஆபத்து. கார் ஏ.சி.யில் ஓடும் ஆர்134ஏ கேஸ், வண்டி நிற்கும்போது 35 டிகிரியில் சுமார் 8 பார் அழுத்தத்தில் இருக்கும். சுவரில் ஊசித்துளை விழுந்தால் அது நேராகப் பெட்ரோல் லைனுக்குள் போகும்.

கேள்வி: பெட்ரோல் குளிர்ந்தால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 1 சதவீதம் ஏறும், அவ்வளவுதான். கார்புரேட்டரில் அதனால் கலவை சற்று ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் இ.சி.யு. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிவிடும். உள்ளே வரும் காற்று குளிர்ந்து பவர் ஏறும் என்பதிலும் பெரிய பலனில்லை. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகும்போது ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கிறது. 20 டிகிரி குளிரவைத்து நீங்கள் சேர்ப்பது 45 கிலோஜூல்தான். அதற்குக் கம்ப்ரெஸர் தின்னும் பெட்ரோல் தனிக் கணக்கு.