பயனாளியின் தோடு

அக்கா, வணக்கம்.

தொண்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் பிழைப்பு என்று போன கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, இங்கே ஓர் அமைப்பில் ஆறு மாதமாக அதே வேலையைத்தான் செய்கிறேன். நன்கொடையாளருக்குக் கடிதம், ஆண்டறிக்கை, பயனாளிகளின் கதை. வேலையை விட்டுவிட்டு உங்களைப் போலத் தனியாகச் செய்தால் படிக்க நேரம் கிடைக்குமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பகலெல்லாம் அடுத்தவர் கஷ்டத்தைக் காசு வரும்படி எழுதிவிட்டு, ராத்திரி கதை எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. உங்களுக்கு அப்படி இல்லையா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பிப்ரவரி, மார்ச்சில் புத்தகத்தைத் தொட முடியாது. வருஷம் 5 கோடி ரூபாய் லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். மிச்சம் வைத்தால் அதற்குத் தனிக் கணக்கு, தனி விளக்கம். ஆகவே ஒன்பது மாதம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தவர்களெல்லாம் நிதியாண்டு முடியும் மார்ச்சில் "மேடம், நாளைக்குள்" என்று வந்து நிற்பார்கள். ஏப்ரலில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஜூனிலிருந்து ஆண்டறிக்கை. அக்டோபர் வந்தால், அனுப்பிய பில்லுக்குப் பணம் வந்ததா என்று பேங்க் மெசேஜைப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. தடித்த நாவல்களையெல்லாம் நான் காசில்லாத மாதங்களில்தான் படித்திருக்கிறேன்.

வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் விசிலும் கூரியர்காரரும் விட மாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்று அங்கே ஒரு பகுதி உண்டு. டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள் நடுவே லேப்டாப்போடு நாற்பத்தாறு வயசுக்காரி ஒருத்தி. பக்கத்து நாற்காலிப் பையன் ஒருநாள், "மேடம், நீங்க எந்த குரூப்புக்குப் படிக்கிறீங்க?" என்றான். என் வேலையை விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு எக்ஸாம் எப்ப வரும்?" என்றான். மதியம் டப்பா சாதம், அப்புறம் தமிழ்ப் பிரிவில் முக்கால் மணி நேரம் எனக்காக. பிப்ரவரி, மார்ச் தவிர மற்ற மாதங்களில் தவறாத பழக்கம் அது ஒன்றுதான்.

வேலையை விடுவதற்கு முன் ஒரு கணக்கையும் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள் இல்லையா? நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பதை 20 ஆக்கிவிட்டார்கள். அறிக்கை எழுதும் செலவும் நிர்வாகச் செலவில்தான் சேரும். ஆக, நம் கூலி, ஆபீஸ் வாடகையோடும் வக்கீல் ஃபீஸோடும் அந்த இருபதுக்குள் இடித்துப் பிடித்து உட்கார வேண்டும். அதற்கப்புறம் நான் பழகிய சில சின்ன அமைப்புகள் எழுத்து வேலைக்குச் சம்பள ஆள் வைப்பதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஆரம்பித்தன. அப்படி வேலை போனவர்களில் ஒருத்தி என் தோழி. அவளுடைய நாற்காலிக்கான வேலையைத்தான் நான் வீட்டிலிருந்து செய்தேன். ஓரிடத்தில் 11 மாதம் கழித்துப் பணம் வந்தது, கூடவே போன வருஷத்து மேசைக் காலண்டர். ஆறு மாதச் செலவுக்குக் கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள்.

சரி, கை கூசுவதற்கு வருகிறேன்.

பத்து வருஷம் இருக்கும். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். ஆடு வாங்கக் கடன் கொடுத்த ஓர் அமைப்புக்காகப் போயிருந்தேன். நாலு ஆட்டைப் பதினொன்றாக்கியிருந்தார் ஓர் அம்மா. படம் எடுக்க வந்தவர், "அந்தத் தோட்டைக் கழட்டிடுங்கம்மா, பளபளன்னு தெரியுது" என்றார். தங்கம் போட்டிருப்பவருக்கு உதவி எதற்கு என்று டோனர் கேட்பாராம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். மூலையில் இருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இரண்டாக ஒடித்து, இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் துளை ஒன்றும் தூர்ந்துவிடாது. ஆனாலும் கை தன்னால் செய்தது.

படமெடுத்தவர் ஆடுகளைப் பார்க்கப் போனதும் கேட்டேன். "இது எத்தன வாட்டி அடகுக் கடைக்குப் போயிட்டு வந்திருக்கு! இந்த வருசம்தான் கெடா வித்து மீட்டேன். எழுதறதா இருந்தா அத எழுதும்மா" என்றார்.

எனக்கிருந்த இடம் 180 சொல். முன்பு ஒரு பத்தி, பின்பு ஒரு பத்தி, அமைப்பின் பெயர் மூன்று இடத்தில். தோடு மீண்ட கதையைக் கடைசி வரியாக வைத்தேன். திருத்தி வந்தபோது அது இல்லை. "நகை வேண்டாம். பிள்ளைகளின் படிப்பு என்று போடலாமே" என்று ஓரத்தில் குறிப்பு. அந்த அம்மாவுக்கு ஒரே மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அரை மணி நேரம் மல்லுக்கட்டியதில், "இப்போது அவரால் சேமிக்கவும் முடிகிறது" என்று அச்சில் வந்தது. மேலே அவர் படம். பக்கத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனால் காதில் குச்சி தெரியும்.

நாவல் படிக்கிறவளாக இருந்ததால்தான் அந்தக் குச்சி என் கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தோட்டைக் கழற்றச் சொன்னவரும் நிறையப் படிக்கிறவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் புத்தகங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

காசுக்கு எழுதுவது என்னைக் கூசவைத்ததில்லை. கொத்தனாரும் காசுக்குத்தான் கட்டுகிறார். வெட்டிப்போட்டதுதான் ராத்திரி வந்து நிற்கும். அப்போதிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அறிக்கையில் வெட்டுப்பட்ட வரிகளுக்காக. இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. அதிலிருந்து ஒரு கதைகூட நான் எழுதியதில்லை. அறிக்கைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர் என் சிறுகதைக்குப் போடவில்லையே. ராத்திரியும் அதே ஆட்களைத்தான் எழுதுகிறீர்கள் என்றால், எஸ்., கை கூசுவது நல்லதுதான், கூசட்டும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் என்றால் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவே இருக்கிறது. ஆடு வளர்க்கும் அம்மாவுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

இதை இங்கே எழுதலாமா என்று போன வாரம் அவருக்குப் போன் செய்து கேட்டேன். "ஊர்ப் பேரப் போடாத, மத்ததப் போட்டுக்க" என்றார். தோடு திரும்பவும் கடையில் இருக்கிறதாம், பேத்தி காதுகுத்துச் செலவுக்காக.

உங்கள் ஆறு மாதத்தில் வெட்டுப்பட்ட வரி ஏதாவது இருந்தால், ஆள் பெயர் இல்லாமல் அனுப்புங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு மேல் அனுப்பினால் உடனே படிப்பேன். இன்று மார்ச் 19. மூன்று "நாளைக்குள்" வாசலில் நிற்கிறது.