‘எல்லாம் அடக்கம்’ என்ற கப்பல் கட்டணத்தில் அடங்காதவை எவை?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். எங்கள் 40ஆவது திருமண நாளையொட்டி, அடுத்த ஆண்டு செப்டம்பர் நடுவில் வெனிஸிலிருந்து ஏதென்ஸ் வரை 10 இரவுகள் செல்லும் சொகுசுக் கப்பலில் நானும் மனைவியும் போகலாம் என்று இருக்கிறோம். ‘எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம், கையை வீசிக்கொண்டு போய் வரலாம்’ என்கிற முகவர், 25 விழுக்காடு முன்பணத்தை இந்த வாரத்துக்குள் கட்டச் சொல்கிறார். மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இருவரும் சைவம். பணம் கட்டுமுன் எவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்?

பதில்: கப்பலுக்குள் கழியும் 10 இரவுகளைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த வகைக் கப்பல்களில் உணவும் அறையும் உபசரிப்பும் பெரும்பாலும் சொன்னபடியே இருக்கும். சிக்கல்கள் எழுவதெல்லாம் கரையில்தான்: ஏறும் துறைமுகம், இறங்கும் இடங்கள், விசா, ரத்து விதிகள். எனவே முகவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘எல்லாம்’ என்ற சொல். அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மதுவகைகள், டிப்ஸ், வைஃபை ஆகியவை இன்று பெரும்பாலான சொகுசு நிறுவனங்களின் கட்டணத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் துறைமுகங்களில் இறங்கி ஊர் சுற்றிப் பார்க்கும் பயணங்களை ரீஜென்ட் செவன் சீஸ் நிறுவனம் கட்டணத்துக்குள் தருகிறது. சீபோர்ன், எக்ஸ்ப்ளோரா ஜர்னீஸ் போன்றவற்றில் அவற்றுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். 10 நாளில் ஆறு ஏழு ஊர்களில் இறங்குவீர்கள் என்றால் இருவருக்குமாக அது சிறிய தொகை அல்ல. ஸ்பா சிகிச்சை, பட்டியலுக்கு வெளியே உள்ள உயர்விலை ஒயின், கப்பல் மருத்துவரின் கட்டணம் ஆகியவை பொதுவாக எந்த நிறுவனத்திலும் அடங்குவதில்லை. விமானப் பயணமும் சேர்ந்தது என்று இணையதளத்தில் போட்டிருந்தால், அது வட அமெரிக்காவில் வசிப்போருக்கான விலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கோவையிலோ சென்னையிலோ விமானம் ஏறும் உங்களுக்கும் அது பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ‘வெனிஸ்’ என்பது எங்கே? 2021 ஆகஸ்ட் 1 முதல், 25,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டிய நீர்ப்பரப்பிலும் ஜூடெக்கா கால்வாயிலும் நுழைய இத்தாலி தடை விதித்திருக்கிறது. சிறியவை என்று நாம் நினைக்கும் சொகுசுக் கப்பல்களில் பலவும் 40,000 டன்னைத் தாண்டியவை. ஆகவே பயணத்திட்டத்தில் வெனிஸ் என்று அச்சிட்டிருந்தாலும், நீங்கள் ஏறப்போவது வெனிஸுக்கு எதிரே நிலப்பரப்பில் உள்ள மார்கெராவின் சரக்குத் துறைமுகப் பகுதியாக இருக்கலாம்; ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளியுள்ள திரியெஸ்தே அல்லது ரவென்னாவாகவும் இருக்கலாம். துறைமுகத்தின் பெயரையும், வெனிஸ் விமான நிலையத்திலிருந்து அங்கே அழைத்துச் செல்லும் பேருந்து யார் செலவு என்பதையும் கேளுங்கள். எதுவானாலும் கப்பல் புறப்படும் நாளன்று காலையில் போய் இறங்கும்படி விமானச்சீட்டு எடுக்காதீர்கள். முந்தைய நாளே சேர்ந்துவிடுங்கள். தனியாக எடுத்த விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்பாது.

விசாவில் இரண்டு நுணுக்கங்கள் உள்ளன. இத்தாலி, குரோஷியா, கிரீஸ் மூன்றும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்தைச் சேர்ந்தவை (குரோஷியா 2023 ஜனவரி 1 முதல்). ஆனால் இந்த வழித்தடத்தில் வழக்கமாக வரும் மாண்டினீக்ரோவின் கோட்டோர் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒரு பகல் இறங்கினாலும் ஷெங்கனைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைவதாகவே கணக்கு என்பதால், பலமுறை நுழையும் விசாவையே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எந்த நாட்டுத் தூதரகம் என்பது எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு.

முன்பணம், விசா, முழுத்தொகை ஆகிய மூன்றின் வரிசைதான் உங்கள் பணத்துக்கான பெரிய பாதுகாப்பு. சொகுசு நிறுவனங்கள் பொதுவாக 120 முதல் 150 நாள்களுக்கு முன் முழுத்தொகையைக் கேட்கும். அந்தக் கெடுவுக்குப் பிறகு ரத்து செய்தால், நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் முழுத்தொகையும் போய்விடும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் நடுவில் பயணம் என்றால் மார்ச் நடுவிலேயே விண்ணப்பம் போட முடியும். 150 நாள் கெடு என்றாலும் அது ஏப்ரல் நடுவில்தான் வரும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில வேளைகளில் 45 நாள் ஆகும் என்பதால், நேர்காணல் தேதியை முன்கூட்டியே பிடித்து வைத்தால் விசா கையில் கிடைத்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டும் வாய்ப்பு பெரிதும் உண்டு. ஆனால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகைக் கட்டணமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு முழுப் பலன் தரும். சலுகை விலை என்று விற்கப்படுபவற்றில் சில, முன்பணமே திரும்பாத வகையைச் சேர்ந்தவை. ‘இந்த வாரத்துக்குள்’ என்ற அவசரத்தைக் கேட்டதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. ரத்து அட்டவணையை மின்னஞ்சலில் பெறாமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

மனைவியின் முழங்காலுக்கு வருவோம். கிரீஸின் சான்டோரினி தீவு பயணத்திட்டத்தில் இருந்தால், கப்பல் அங்கே கரையைத் தொடாது. கடலில் நங்கூரமிட்டு, டெண்டர் என்ற சிறுபடகில் ஏற்றி அனுப்புவார்கள். கப்பலின் அடித்தளத்தில் ஒரு கதவு திறக்கும். வெளியே படகு அலையில் ஒரு சாண் ஏறி ஒரு சாண் இறங்கிக்கொண்டிருக்கும். இருபுறமும் இரு பணியாளர்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் கணத்தில் ‘இப்போது’ என்பார்கள். அந்த ஓர் அடியை உங்கள் மனைவிதான் எடுத்து வைக்க வேண்டும். தூக்கி ஏற்ற மாட்டார்கள் என்பதும், அலை அதிகமானால் நடக்கச் சிரமப்படுவோரை மறுக்கலாம் என்பதும் பெரும்பாலான நிறுவனங்களின் விதி. கரையில் இறங்கிய பிறகும், தீவின் முக்கிய ஊரான ஃபீரா செங்குத்தான மலையுச்சியில் இருக்கிறது. ரோப் காருக்கு நீண்ட வரிசை, இல்லையென்றால் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். (கழுதைச் சவாரியும் உண்டு. முழங்காலுக்கும் ஆகாது, கழுதைக்கும் ஆகாது.) கப்பல் வழியே ஏற்பாடாகும் சுற்றுலாக்களில் பலவும் பயணிகளை அதினியோஸ் துறையில் இறக்கிப் பேருந்தில் மேலே கொண்டுபோகும் என்பதால், அந்த ஓர் ஊருக்காவது கப்பலின் சுற்றுலாவையே எடுங்கள். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாக வாடகைக் கார் எடுத்துத் தாமதமானால் அந்தச் செலவு உங்களுடையது. எந்தெந்தத் துறைமுகங்களில் டெண்டர் படகு என்ற பட்டியலை இப்போதே கேளுங்கள்.

அந்தப் பட்டியலும் பயணத்திட்டமும் உறுதியானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயண ஒப்பந்தத்தின்படி, காற்று, துறைமுக நெரிசல், பாதுகாப்பு என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கக் கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு. அப்போது துறைமுக வரி மட்டுமே உங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படும். சான்டோரினிக்காகவே போகிறீர்கள் என்றால், ஒரே ஒரு பகல் அங்கே நிற்கும் கப்பலை நம்பாமல், ஏதென்ஸில் இறங்கிய பிறகு தனியே போவதுதான் என் யோசனை.

காப்பீட்டில், ஷெங்கன் விசாவுக்குத் தேவையான 30,000 யூரோ மருத்துவக் காப்பு என்பது விசாவுக்கான குறைந்தபட்ச அளவுதான். நடுக்கடலிலிருந்து ஒருவரைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவை அது தாங்குமென்று எண்ணி இருந்துவிடாதீர்கள். அவசர மருத்துவ இடமாற்றம், பயண ரத்து இரண்டும் உள்ள, கப்பல் பயணத்தை வெளிப்படையாக ஏற்கும் பாலிசியாகப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களை இந்தியப் பயணப் பாலிசிகள் பலவும் உயிராபத்து நிலையில் மட்டுமே ஏற்கும் என்பதால், முழங்கால் அறுவையையும் சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். கப்பல் மருத்துவருக்கான தொகை உங்கள் அறைக் கணக்கில் ஏறும். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் கோரிப் பெற வேண்டும். பெட்டி சேதமானால், வெளியே தெரியும் சேதத்தை இறங்குமுன்பும், தெரியாத சேதத்தை 15 நாளுக்குள்ளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது கடல்வழிப் பயணிகள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் ஒப்பந்தத்தின் விதி. நகைகளை அறையில் வைத்துத் தொலைத்தால், அவற்றைக் கப்பலின் பாதுகாப்பில் முறைப்படி ஒப்படைக்காதவரை இழப்பீடு கேட்க முடியாது.

சைவ உணவு பிரச்சினையே இல்லை. முட்டையும் வேண்டாம், மீன் சாறு கலந்த சூப்பும் வேண்டாம் என்பதை மட்டும் இரண்டு மூன்று மாதம் முன்பே முகவர் வழியே பதிவு செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டியும் சிறு மின்னடுப்பும் எடுத்துப் போனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்ததையும் அனுமதிப்பதில்லை. கடையில் முத்திரையோடு வாங்கிய ஊறுகாய் போகும்.

கடைசியாக, முகவரிடம் பேரம் பேச இடமிருக்கிறது. விலையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் இருக்காது, ஆனால் கப்பலில் செலவிடத்தக்க கிரெடிட் தொகை கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அது ரொக்கமாகத் திரும்பாது என்பதால் சான்டோரினி சுற்றுலாவுக்கே பயன்படுத்திவிடலாம். சான்டோரினியில் கோடைக்காலத்தில் இறங்கும் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 2025 ஜூலை முதல் கிரீஸ் அரசு விதிக்கும் 20 யூரோ, கட்டணத்தில் அடங்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் பிடிக்கும் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.