முன்பணம் கட்டுவதற்கு முன்

பொதுத்தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே, செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் ஒன்றைப் பிடித்துவைக்கத் தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் முன்பணத்தைத் தயார் செய்துவிட்டது. மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். கணிதப் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்கிறாள். பெங்களூரில் இருக்கும் தாய்மாமனோ, கணக்குப் படித்தால் டீச்சர் வேலைதான் கிடைக்கும், பட்டத்தில் கம்ப்யூட்டர் என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். மீதிப் பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்பதே தந்தை என்னிடம் கேட்ட கேள்வி.

உங்கள் பதற்றம் புரிகிறது, ஐயா. ஆனால் வைக்கக் கூடாது. மாமனின் வாதம் எங்கே பிழைபடுகிறது என்பதை அவர் மதிக்கும் துறையின் முன்னோடி ஒருவரைக் கொண்டே சொல்கிறேன்.

1930இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது இயற்பியல் படிக்க. 1951இல் கேம்பிரிட்ஜில் கணினி முன்னோடி மாரிஸ் வில்க்ஸ் நடத்தவிருந்த மூன்று வார நிரலாக்கப் (கணினிக்குக் கட்டளை எழுதும்) பயிற்சியின் விளம்பரத்தைக் கண்டு அவரை அனுப்பிவைத்தவர் வேதியியலாளரான அவருடைய தந்தை. மூன்றே வாரம், மகனின் இயற்பியல் படிப்பு அப்படியே தொடர்ந்தது. மறுஆண்டு ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பகுதிநேர நிரலராக வேலைக்குச் சேர்ந்த அவருக்கு, மூன்று ஆண்டுகளில் உங்களுக்கு இருப்பது போன்றே ஒரு கலக்கம் வந்தது: நிரலாக்கம் என்பது மதிப்புள்ள ஒரு துறைதானா, இயற்பியலை விட்டு இதில் இறங்கலாமா? மேலாளர் வான் வைங்கார்டனிடம் கேட்டார். இன்னும் துறை என்று சொல்லும்படி ஒன்றும் உருவாகிவிடவில்லை என்பதை ஒப்புக்கொண்ட அவர், கணினிகள் நிலைக்கப்போகின்றன, அதை மதிப்புள்ள துறையாக்குபவர்களில் நீயும் ஒருவனாக இருக்கக் கூடாதா என்று திருப்பிக் கேட்டாராம். 1972இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் டைக்ஸ்ட்ராவே சொன்ன செய்தி இது. 1957இல் திருமணப் பதிவின்போது தொழில் ‘நிரலர்’ என்று எழுத ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் மறுத்துவிட்டதால், ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்றே பதிவாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு, வருங்கால மனைவியுடன் கடைவீதியில் அலைந்து களைத்து, காப்பிக் கடையில் உட்கார்ந்த இருபது நிமிடங்களில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் அவர் கண்ட குறும்பாதை வழிமுறைதான் (இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் முறை) 1959இல் சிறு கட்டுரையாக வெளிவந்தது. மாமனின் கைப்பேசி வழிகாட்டும் கணக்குக்கும் அடித்தளம் அந்தக் கருத்தே. நிரலைச் சோதித்துப் பார்ப்பது, அதில் பிழை இருப்பதைக் காட்டுமே தவிர, பிழையே இல்லை என்று காட்டாது. ஆகவே நிரலையும் தேற்றம் போல நிறுவ வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர். எல்லாரும் டைக்ஸ்ட்ரா ஆகிவிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நிறுவிப் பார்க்கும் பழக்கம்தான் கணினி அறிவியலின் உயிர்நாடி. உங்கள் மகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

பொறியியல் கலந்தாய்வு, அதற்கான நுழைவுத் தேர்வு பற்றி ஊரே பேசுகிறது, நான் பேசப்போவதில்லை. சென்னைக் கணிதவியல் கழகத்தைப் பற்றிச் சொல்கிறேன். கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய இந்நிறுவனம் இன்று சிறுசேரி சிப்காட் பூங்காவில், பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பு உண்டு. (பட்டத்தில் கம்ப்யூட்டர் வேண்டும் என்ற மாமனின் குறையும் தீர்ந்தது.) சேர்க்கைக்குத் தனி எழுத்துத் தேர்வு, வழக்கமாக மே மாதத்தில் நடக்கிறது, வேதியியல் அதில் இல்லை. பாடத்திட்டம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை ஒட்டியதே, கேள்விகள்தாம் வேறு ரகம். முதல் பகுதிக்கு விடை போதும்; இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு படியையும் காரணத்தோடு எழுதியாக வேண்டும், மனப்பாடம் அங்கே செல்லாது. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கட்டணம் உண்டு, சலுகையும் உண்டு. இவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் கணக்குப் போடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கட்டும். அதன் பிறகு நிம்செட் தேர்வெழுதித் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.சி.ஏ. சேரலாம், ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம். இரண்டில் எதற்கும் வீட்டை அடகுவைக்கத் தேவையில்லை. பதினேழு வயதுப் பெண் கேட்காத படிப்புக்காக வாங்கிய கடனை, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குடும்பமே மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கும். இதில் நான் இறங்கிவருவதாக இல்லை.

முன்பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் பழைய வினாத்தாள் ஒன்றின் இரண்டாம் பகுதியை மகளிடம் கொடுங்கள். எத்தனை கணக்குக்கு விடை வந்தது என்பதைவிட, எத்தனை மணிநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாள் என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். அவள் எழுதிய தாள்களை எடுத்துவையுங்கள். மாமன் ஊருக்கு வரும்போது அவற்றைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.