பிள்ளைக்கு வரும் ஜீவனாம்சத்தை மாற்ற முடியுமா?

நான் வக்கீல் இல்லை. சட்ட உதவித் தன்னார்வலராக, ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் பல வருஷமாகப் பெண்களைக் கூட்டிட்டுப் போய் வர்றவள். விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வரும் தொகையைக் கூட்டுறது, குறைக்கிறது பத்தி நீங்க கேட்டதுக்குப் பதில் இது.

பாம்பன்: அக்கா, 2019-ல் மகனுக்கு மாசம் 3,000 ரூபாய் உத்தரவாச்சு. அப்போ ஒண்ணாம் வகுப்பு, இப்போ பெரிய வகுப்பு. நான் பாசி எடுக்கப் போய்த்தான் மீதியைச் சமாளிக்கிறேன். அவர் சொந்தமா வல்லம் (மீன்பிடிப் படகு) வாங்கிட்டார். கூட்டிக் கேட்கலாமா?

தாராளமா கேட்கலாம் தங்கச்சி. முதல்ல உத்தரவு நகலை எடுத்துப் பாருங்க. ஜீவனாம்ச வழக்கில் வந்த உத்தரவுன்னா, போட்ட கோர்ட்டிலேயே மாற்றக் கேட்டு மனு கொடுக்கணும். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 127-ஆவது பிரிவுன்னு சொல்வாங்க. 2024 ஜூலை 1-லிருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 146-ஆவது பிரிவு. விவாகரத்துத் தீர்ப்போடயே வந்த தொகைன்னா இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவு.

"விலைவாசி ஏறிப்போச்சு"ன்னு மட்டும் எழுதினா பத்தாது. பிள்ளை செலவு கூடினதையும் அவர் வருமானம் கூடினதையும் காகிதத்தில் காட்டணும். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். வல்லத்தை அவர் அதில் காட்டியே ஆகணும்.

ஒரு அம்மா ரசீதையெல்லாம் மஞ்சப் பையில் சுருட்டிக் கொண்டு வந்தாங்க. ஈரம் பட்டு வேன் ரசீதில் தொகையே தெரியல. மருந்துக்கடை பில் வெளிறி வெள்ளைத் தாளா இருந்துச்சு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அவங்க முகம் எனக்கு மறக்கல. வாங்குன அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீங்க. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்க, இல்லைன்னா 15100-க்குப் போன் போடுங்க.

தங்கச்சிமடம்: விசைப்படகில் கூலிக்குப் போறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லை. அந்த ரெண்டு மாசம் நிறுத்திக்கலாமா?

நிறுத்தாதீங்க தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை வருஷா வருஷம் வர்றது. அது திடீர்னு வந்த மாற்றம்னு கோர்ட்டில் சொல்றது கஷ்டம். ஆனா படகை இலங்கைக் கடற்படை பிடிச்சு வேலையே போயிருந்தா, அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாம இருந்தா, அது நிஜமான மாற்றம். ஆதாரத்தோட குறைக்கச் சொல்லி உடனே மனு போடுங்க. புது உத்தரவு வர்ற வரைக்கும் பழைய தொகைதான் கணக்கு. நீங்களா நிறுத்தினா பாக்கி ஏறும். கட்டாத மாசத்துக்கு ஒரு மாசம் வரை ஜெயில் போடலாம். உள்ளே இருந்துட்டு வந்தாலும் கடன் கழியாது. உங்க நிலைமை எனக்குப் புரியுது. ஆனா அந்த ரெண்டு மாசமும் பிள்ளைக்குப் பசிக்கும்ல?

கீழக்கரை: தலாக் ஆகிட்டுது. பிள்ளையோட அத்தா (அப்பா) துபாயில் இருக்கிறதால பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்க முடியாதுங்கிறாங்க.

முடியும்மா. தலாக் ஆனாலும் முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தகப்பன்கிட்ட ஜீவனாம்சம் கேட்கிற தனி உரிமை உண்டுன்னு 1997-ல் நூர் சபா காத்தூன் வழக்கிலேயே தீர்ப்பாயிருச்சு. அவர் பணம் அனுப்பின வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வைங்க.

மண்டபம்: நான் மறுமணம் பண்ணினா மகளுக்கு வர்றது நின்னுருமா?

நிற்காது. அது மகளோட பணம்.

தொண்டி: மகளுக்கு 18 முடியப் போகுது. ஒன்றரை வருஷமா அவர் தரவே இல்லை. "தர்றேன், தர்றேன்"னதை நம்பிக் காத்திருந்தேன்.

ஜீவனாம்ச உத்தரவில் பிள்ளைக்கு 18 வரைக்கும்தான். ஆனா நீங்க இந்துன்னா, தன்னைக் காப்பாத்திக்க வழியில்லாத மகள் கல்யாணம் ஆகிற வரைக்கும் 1956-ஆம் வருஷ இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் தனியா வழக்குப் போட்டுக் கேட்கலாம்.

அதைவிட அவசரம் பாக்கி. தொகை கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாத்தான் அதை வசூலிக்க கோர்ட் வாரண்ட் கிடைக்கும். முதல் ஆறு மாசத்துக்கு அந்த வழி இப்பவே அடைபட்டுப் போச்சு. இன்னும் தள்ளினா மாசம் ஒண்ணா கழிஞ்சுக்கிட்டே போகும். திங்கக்கிழமையே உத்தரவு நகலையும் பாஸ்புக்கையும் எடுத்துட்டுக் கிளம்புங்க.