'ஓசியான்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பெயர் ஏன் நான்கு முறை மாற்றப்பட்டது?

பிரெஞ்சுப் புரட்சியில் அதிகாரம் கைமாறிய வேகமே காரணம். சானே வடிவமைத்த, 118 பீரங்கிகள் கொண்ட இக்கப்பலின் செலவைப் பர்கண்டி மாகாண மன்றம் ஏற்றதால், 1790இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் கடலில் இறக்கப்பட்டபோது அம்மன்றத்தின் பெயரே இதற்கு இடப்பட்டது. முடியாட்சி வீழ்ந்தபின், 1793 தொடக்கத்தில் இது பர்கண்டியில் உருவாக்கப்பட்ட ஒரு மாவட்டத்தின் பெயரான 'கோத் தோர்' ஆகி, அதே ஆண்டிலேயே தீவிரப் புரட்சியாளர்களான ஜாக்கோபின் தரப்பினரின் அணிப்பெயரான 'மோன்தாஞ்' ('மலை') ஆனது.

அந்தப் பெயரில்தான் 1794 ஜூன் 1 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி வில்லாரே ஜுவாயோஸின் தலைமைக் கப்பலாகப் போரிட்டது. பிரிட்டிஷாரின் 'குயீன் ஷார்லட்' இதன் பின்புறத்தை ஒட்டிக் கடந்தபடியே சுட்டபோது, குண்டுகள் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு தளத்தின் நீளவாக்கில் பாய்ந்தன. பாய்மரக் கப்பலுக்கு இதைவிடக் கொடிய தாக்குதல் அரிது. அரசின் பிரதிநிதியான ழான் போன் சேந்தாந்த்ரேயும் அப்போது கப்பலில் இருந்தார். தளபதிகளைப் புரட்சி அரசு எவ்வளவு நெருக்கமாகக் கண்காணித்தது என்பதற்கு இது நல்ல சான்று.

ஜாக்கோபின் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்தபின் அப்பெயர் நீடிக்க முடியவில்லை: 1795இல் 'பெப்ல்' ('மக்கள்'), சில வாரங்களில் 'ஓசியான்' ('பெருங்கடல்'). எத்தரப்பையும் சாராத இக்கடைசிப் பெயர் நிலைத்தது தற்செயல் அல்ல என்றே கருதுகிறேன். 1809 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடற்கரையை ஒட்டிய பாஸ்க் ரோட்ஸில், பிரிட்டிஷார் தீமூட்டி அனுப்பிய தீக்கப்பல்களுக்குத் தப்பி, நெப்போலியன், பூர்போன் மன்னர்கள், ஜூலை முடியாட்சி என அனைவரின் ஆட்சியையும் கடந்த இக்கப்பல், 1850களில்தான் உடைக்கப்பட்டது.