பழைய ஹே ரேக்: வயதும் நிறமும் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் கிராமப்புறத்தில் வீடு வாங்கிய நம் ஆட்கள் பலர், கொல்லையில் கிடக்கும் ஹே ரேக்கைப் பற்றி எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். வெட்டிக் காயவைத்த புல்லை வாரி வரிசையாகச் சேர்க்கும் வண்டிதான் ஹே ரேக். நம் ஊர் நெல் வைக்கோலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தீவனத்துக்காகவே வளர்த்து வெட்டும் புல். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை விவரமாகப் பதில் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவிலிருந்து: வணக்கம் அண்ணா. வீட்டுக்குப் பின்னால் செடிகொடிக்குள் ஆளுயரத்துக்கு இரண்டு இரும்புச் சக்கரம், நடுவில் ஒரு சீட், அரிவாள் மாதிரி வளைந்த கம்பிகள் வரிசையாக. இதில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் சொல்வது டம்ப் ரேக். குதிரை இழுக்கும், மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பார். பற்கள் நிறைய புல் சேர்ந்ததும் காலால் மிதியை அழுத்துவார். சக்கரத்தின் சுழற்சியே பற்களை மேலே தூக்கிவிடும், புல் குவியலாக விழும். இது ஒரு வகை. வரிசையைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும் சைடு டெலிவரி ரேக் இன்னொரு வகை. சூரியகாந்திப் பூப் போல விரல் சக்கரங்கள் வைத்தது மூன்றாவது வகை. அது நெதர்லாந்தின் லெலி நிறுவனம் 1948-ல் கொண்டுவந்தது. அதனால் விரல் சக்கரத்தைப் பார்த்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என்று உடனே சொல்லிவிடலாம். டம்ப் ரேக்கில் அப்படி முடியாது. அதே அமைப்பை பல பத்தாண்டுகள் மாற்றாமல் செய்தார்கள்.

செடியை மட்டும் வெட்டுங்கள். கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். சாய்ந்த வெயிலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எழுத்து இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழும்பித் தெரியும்.

ஒஹாயோவிலிருந்து: வார்ப்பு இரும்பில் பேட்டன்ட் (காப்புரிமை) என்று போட்டு 1884, 1889 என இரண்டு தேதிகள் இருக்கின்றன. அப்படியானால் 1889-ல் செய்ததா?

1889-க்கு முன்னால் செய்யப்படவில்லை என்பது மட்டும்தான் உறுதி. அந்த நாளில் பேட்டன்ட் உரிமை 17 ஆண்டுகள். அதுவரை தேதியைப் போட்டுக்கொண்டே இருக்கலாம். உரிமை முடிந்த பிறகும் பழைய அச்சை மாற்றாமல் வார்த்தவர்கள் உண்டு. ஆக 1889 என்பது கீழ் எல்லை.

எழுத்து தேய்ந்து தேதி சரியாகத் தெரியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1848-லிருந்து பேட்டன்ட் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும். 3-ஆ 8-ஆ என்று குழம்பினால் நாட்காட்டியைப் பாருங்கள், செவ்வாயில் விழுவதே சரியான தேதி. இது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. 1927-ல் சட்டம் மாறி, தேதிக்குப் பதில் எண்ணைப் போடச் சொன்னார்கள். 10 லட்சமாவது எண் 1911-ல் வந்தது, 20 லட்சம் 1935-ல், 30 லட்சம் 1961-ல். உங்கள் எண் இடையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பேட்டன்டின் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். எடுத்துப் பார்த்தால் சில சமயம் அது முழு ரேக்குக்கானதாக இருக்காது, ஒரு மிதிக்கட்டைக்கு மட்டும் வாங்கியதாக இருக்கும்.

இல்லினாயிலிருந்து: சார், கருவிப் பெட்டி மூடியில் மெக்கார்மிக்-டீரிங் என்று இருக்கிறது. வெறும் டீரிங் என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு வேறு காலம். மெக்கார்மிக், டீரிங் உட்பட ஐந்து நிறுவனங்கள் 1902-ல் சேர்ந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆயின. சேர்ந்த பிறகும் இரண்டு பெயர்களையும் தனித்தனியாகவே விற்றார்கள். ஒரே ஊரில் இரண்டு கடை, இரண்டு விசுவாசமான கூட்டம். நிறுவனத்தின் மேல் அரசு போட்ட ஏகபோக வழக்கு 1918-ல் முடிந்தபோது ஊருக்கு ஒரு முகவர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. அதன் விளைவாகத்தான் 1920-களின் தொடக்கத்தில் மெக்கார்மிக்-டீரிங் என்ற கூட்டுப் பெயர் பிறந்தது. 1940-களின் கடைசியில் டீரிங் உதிர்ந்து மெக்கார்மிக் மட்டும் நின்றது. ஆகவே உங்களுடையது இந்த இரண்டுக்கும் நடுவே. வெறும் டீரிங் என்றால் 1920-களுக்கு முந்தையது.

நிறத்துக்கு விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கத்தைப் பாருங்கள். மெக்கார்மிக், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆவணத் தொகுப்பு அவர்களிடம் இருக்கிறது, நிறைய படங்கள் இணையத்திலும் உண்டு. விளம்பர ஓவியங்களை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம், ஓவியர் தன் இஷ்டத்துக்குப் பளிச்சென்று தீட்டியிருப்பார். இன்னொன்று: இந்த நிறுவனம் என்றாலே சிவப்பு என்று நினைக்கிறோம். அவர்களுடைய ஃபார்மால் டிராக்டரே 1936 வரை சாம்பல் நிறம்தான்.

விஸ்கான்சினிலிருந்து: அண்ணா, ஜான் டியர் ரேக் ஒன்று வாங்கினேன். மேலே பச்சை. சுரண்டினால் அடியில் சிவப்பு வருகிறது. விற்றவர் அது பிரைமர் (அடிப்பூச்சு) என்கிறார், நண்பர் அதுதான் அசல் நிறம் என்கிறார். யார் சொல்வது சரி?

அந்தச் சிவப்பே உங்களுக்குப் பதில் சொல்லும், பொறுமையாகப் பார்த்தால் போதும்.

சுரண்டுவதை நிறுத்துங்கள். நன்றாகப் பெயிண்ட் நிற்கும் ஓர் இடத்தில், 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். பிறகு 600, அப்புறம் 1000. நடுவில் இரும்பு தெரியும்போது சுற்றிலும் மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக நிற்கும். அதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே கறுப்புக் கோடாக அழுக்கோ, கிரீஸோ, துருவோ தெரிகிறதா? தெரிந்தால் சிவப்பு பூசிய பிறகு இந்த ரேக் பல வருடம் வயலில் ஓடியிருக்கிறது. பச்சை பின்னால் பூசியது. கோடே இல்லாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்தால் சிவப்பு பிரைமராக இருக்கலாம். மங்கலான செங்கல் நிறம், மினுமினுப்பே இல்லை என்றால் அது பிரைமர்தான் என்பதில் சந்தேகம் இன்னும் குறையும்.

அடுத்து, வெகு நாள் அசையாத ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். அந்தக் காலத்தில் பல தொழிற்சாலைகளில் பாகங்களைப் பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுத்துத்தான் பூட்டினார்கள். அதனால் வாஷருக்கு அடியில், துளையின் உள்சுவரில், சட்டங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டும் முகத்தில் எல்லாம் நிறம் இருக்கும். விவசாயி பின்னால் தூரிகையால் பூசியது அங்கெல்லாம் போயிருக்காது. வாஷருக்கு அடியில் இருக்கும் நிறம் வெயிலும் பார்க்கவில்லை, மழையும் பார்க்கவில்லை. அதை நம்புங்கள். வெளியே இருப்பதை நம்பினால், ரோஜா நிறமாக வெளுத்துப்போன சிவப்பையும் பழுப்பேறிய குரோம் மஞ்சளையும் அசல் என்று எடுத்துக்கொள்வீர்கள். நிறம் பொருத்தும்போது அந்த இடத்தை லேசாகப் பாலிஷ் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சக்கரத்தைத் தனியாகச் சோதியுங்கள். சட்டம் ஒரு நிறம், சக்கரம் வேறு நிறம் என்பது வெகு சாதாரணம். ஆரக்கால் குடத்துக்குள் இறங்கும் மூலையில் பெயிண்ட் தங்கியிருக்கும். பற்களில் நுனியைப் பார்த்துப் பயனில்லை, புல் தேய்த்து வெள்ளியாக்கிவிடும். மேலே சுருள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

வயதுக்கு ஒரு துப்பு. ஜான் டியர் நிறுவனம் 1910-ல் அயோவா மாநிலம் ஒட்டும்வாவில் இருந்த டேன் நிறுவனத்தை வாங்கித்தான் புல் கருவிகளில் பெரிய அளவில் இறங்கியது. எங்காவது டேன் என்ற பெயரும் சேர்ந்து இருந்தால் அந்தக் காலத்துக்குப் பிறகானது. ஒட்டுப்படத்தில் ஜான் டியரின் சின்னமான மானுக்கு இரண்டே கால் தெரிந்தால் அந்தப் படம் 1968-க்குப் பின்னால் ஒட்டியது.

ஒன்டாரியோவிலிருந்து: அண்ணா, காணியோட சேர்த்து ஒரு மாஸி-ஹாரிஸ் ரேக்கும் கிடைச்சது. மணல் அடிச்சுத் துப்புரவாக்கித் தாறன் எண்டு ஒருவர் சொல்லுறார். செய்விக்கலாமோ?

வேண்டாம் தம்பி, இப்போது வேண்டாம். மணல் அடித்தால் அரை மணி நேரத்தில் நூறு வருடச் சாட்சி போய்விடும். பல வருடம் முன்பு நான் ஒரு மர ரேக்கின் ஏர்க்காலைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். அழுக்கு என்று நினைத்தது ஸ்டென்சில் எழுத்து. கடைசி இரண்டு எழுத்துதான் மிஞ்சியது. அது யார் செய்த ரேக் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் போகவில்லை.

இன்னொரு காரணம் ஈயம். பழைய சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் தாராளமாக இருக்கும். அமெரிக்காவில் 1978-ல் ஈயம் கலந்த வீட்டுப் பெயிண்டுக்குத் தடை வந்தபோதுகூட விவசாய இயந்திரப் பூச்சுக்கு விலக்கு இருந்தது. அதனால் பின்னால் பூசியதும் பத்திரம் என்று சொல்ல முடியாது. காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. நனைத்துத் தேயுங்கள், தூசிக்கான முகமூடி போடுங்கள், துடைத்த துணியைத் தனியாகக் கட்டிப் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மாஸி, ஹாரிஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் 1891-ல் இணைந்தன, 1953-ல் ஃபெர்குசன் நிறுவனத்தோடு சேர்ந்தன. உங்கள் ரேக்கின் கீழ் எல்லையும் ஏறக்குறைய மேல் எல்லையும் அந்த இரண்டு ஆண்டுகளே.

மினசோட்டாவிலிருந்து: பெயர், எண் எதுவுமே இல்லை. சீட்டில் மட்டும் ஒரு கம்பெனிப் பெயர் இருக்கிறது அண்ணா.

சீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே போல்ட்டில் கழன்றுவிடும், உடைந்தால் பக்கத்து இயந்திரத்திலிருந்து மாட்டிவிடுவார்கள். பெயர் வார்த்த சீட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள், அதனால் அசல் சீட் எப்போதோ விலை போயிருக்கலாம்.

பூட்டுகளைப் பாருங்கள். சதுர நட்டா, அறுகோண நட்டா? எண்ணெய் விடும் வெறும் துளையா, திருகி இறுக்கும் கிரீஸ் கிண்ணமா, துப்பாக்கியால் அடிக்கும் கிரீஸ் நிப்பிளா? இன்று நாம் பார்க்கும் குமிழ் வடிவ நிப்பிளுக்கு ஆஸ்கர் ஜெர்க் 1929-ல் பேட்டன்ட் பெற்றார். சட்டம் ரிவெட் அடித்ததா, வெல்டிங் வைத்ததா? பழுது பார்த்த ஒட்டுகளைச் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் தொழிற்சாலை வெல்டிங்கைச் சொல்கிறேன். அது இருந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது. இடமும் வலமும் ஒரே பாகம், ஒரே தேய்மானம் என்றால் அது அசல். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மாற்றியது.

லிங்கன்ஷயரிலிருந்து: எங்கள் ஊர் ஸ்டாம்ஃபோர்ட் பெயர் போட்ட பிளாக்ஸ்டோன் ரேக். எங்கே விசாரிக்கலாம்?

ரெடிங் நகரில் இருக்கும் ஆங்கிலக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் விவசாய இயந்திரத் தயாரிப்பாளர்களின் விலைப்பட்டியல்கள் பெரிய அளவில் இருக்கின்றன. வார்ப்பு எண்களைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

நியூயார்க் மாநிலத்திலிருந்து: நியூ ஹாலண்ட் ரேக், சிவப்பும் மஞ்சளும். ஸ்பெரி ராண்ட் என்று மங்கலாகத் தெரிகிறது. திரும்பப் பெயிண்ட் அடிக்கலாமா என்று என் அக்கா கேட்கச் சொன்னார்.

ஸ்பெரி நிறுவனம் 1947-ல் நியூ ஹாலண்டை வாங்கியது, ராண்ட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்தது 1955-ல். ஆகவே உங்களுடையது 1955-க்குப் பின். அக்காவிடம் சொல்லுங்கள், அடிக்கலாம். ஆனால் அந்த எழுத்து இருக்கும் பலகையையும், அடியில் ஒரு கை அளவு இடத்தையும் டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு முன் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எழுத்தைப் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.